உச்சிப் புத்தகத்தில் இரண்டு பெயர்

செப்டெம்பர் 15, ஞாயிறு

நகரசபையிலிருந்து வந்த தாதி சொன்னதால் எழுதுகிறேன். அதிர்ச்சியில் இருப்பவர்கள் ஒவ்வொரு நாளும் நாலு வரி எழுதினால் நித்திரை வருமாம். எனக்கு அதிர்ச்சி ஒன்றும் இல்லை, நித்திரைதான் இல்லை என்றேன். அவள் சிரித்துவிட்டு இந்தக் கொப்பியைத் தந்துவிட்டுப் போனாள். தமிழில்தான் எழுதப்போகிறேன். பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நளாயினி புருசனுடைய கொப்பியைக் கிண்டிப் பார்க்கிற ஆள் இல்லை.

நடந்தது இதுதான். இம்மாதம் ஏழாம் திகதி, சனிக்கிழமை, நானும் பரராசசிங்கமும் சாம்பல்மலைக்கு ஏறினோம். அதற்கு ஒரு நோர்வேப் பெயர் இருக்கிறது. வாயில் நுழையாததால் இங்குள்ள பதினாலு தமிழ்க் குடும்பமும் சாம்பல்மலை என்றுதான் சொல்வோம். மலைகளுக்கு நடுவே கடல் முப்பது கிலோமீற்றர் உள்ளே வந்து முடிகிற இடத்தில் எங்கள் ஊர் இருக்கிறது. ஊருக்கு மேலே அந்த மலை. ஏற மூன்று மணித்தியாலம், இறங்க இரண்டு. நான் இறங்கி வந்தேன். பரா வரவில்லை.

ஆறு நாள் தேடினார்கள். ஹெலிகொப்டர், நாய்கள், சிவப்புச் சட்டை போட்ட தொண்டர்கள். வெள்ளிக்கிழமையோடு நிறுத்திவிட்டார்கள். உச்சியில் ஒரு தகரப் பெட்டியும் அதற்குள் ஒரு புத்தகமும் இருக்கும். ஏறியவர்கள் பெயரும் நேரமும் எழுதுவார்கள். அதில் எங்கள் இரண்டு பேரின் பெயரும் இருக்கிறது, ஒன்று பத்து என்ற நேரத்தோடு. ஆகவே பரா உச்சிவரை வந்திருக்கிறான், இறங்கும்போது மூட்டத்தில் வழி மாறி வடக்குப் பக்கம் போயிருக்கிறான் என்று கணக்குப் போட்டு, வடக்குப் பக்கம் முழுவதும் தேடினார்கள். இரண்டு பேரும் ஒன்றாகவா மேலே நின்றீர்கள் என்று பொலிஸ்காரப் பொடியன் கேட்டான். புத்தகத்தின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்டான். ஓம் என்றேன். அவன் எனக்கு முன்னால் இறங்கினான் என்றும் சொன்னேன்.

இன்றைக்குப் புல் வெட்டினேன். வெட்டுகிற அளவுக்கு அது வளரவில்லை.

செப்டெம்பர் 16, திங்கள்

வேலைக்குப் போனேன். மீன் தொழிற்சாலையில் நானும் பராவும் பத்தொன்பது வருடம் எதிரெதிரே நின்று சல்மன் துண்டுகளில் முள் பிடுங்கியவர்கள். இப்போது அவன் இடத்தில் ஒரு லித்துவேனியப் பெண் நிற்கிறாள். கெட்டிக்காரி. பராவைவிட வேகம். அவளைப் பார்க்க எனக்குக் கோபம் வந்தது. அவள் என்ன செய்வாள், பாவம்.

உடுப்பு மாற்றிவிட்டு நடைபாதையில் வரும்போது பின்னால் றப்பர் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஒரு அடி அழுத்தி, அடுத்த அடி இழுத்து. பராவின் வலது முழங்கால் ஐந்து வருடமாகச் சரியில்லை, அவன் நடை அப்படித்தான். திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. பேய் பிசாசை நம்புகிற ஆள் நான் இல்லை. நடையைக் கொஞ்சம் எட்டிப் போட்டேன், அவ்வளவுதான்.

செப்டெம்பர் 18, புதன்

மழை. பாரை மீன் குழம்பு. அதே காலடி, கார் நிறுத்துமிடத்தில்.

செப்டெம்பர் 21, சனி

பராவின் வீட்டுக்குப் போனோம். நளாயினி புட்டும் கறியும் கொண்டுவந்தாள். பராவின் மனைவி சுகிர்தா மெலிந்துபோனாள். மகள் ஒஸ்லோவில் படிப்பை விட்டுவிட்டு வந்து நிற்கிறாள்.

குசினித் தட்டில் பராவின் கோப்பைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு கோடைக்குள் பத்து மலை ஏறி, பத்துப் புத்தகத்திலும் பெயர் எழுதினால் விளையாட்டுக் கழகம் ஒரு கோப்பை தரும். கடையில் வாங்கினால் பத்து ரூபா பெறாது. பரா அதற்காக உயிரை விடுவான் என்று எழுத வந்தேன், வேண்டாம். இன்றைக்குப் பன்னிரண்டாவது கோப்பையும் அங்கே இருந்தது. கழகத்துச் செயலாளர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். சாம்பல்மலைதான் அவனுடைய பத்தாவது மலை. புத்தகத்தில் பெயர் இருக்கிறது, ஆகவே கோப்பை அவனுக்கு உரியது என்று சொல்லி அழுதாராம் அந்த மனுசி.

"தவம் அண்ணை, மேல நிக்கேக்கை அவர் என்ன சொன்னவர்?" என்று சுகிர்தா கேட்டாள்.

"என்ன சொல்லுறது... சந்தோசமா நிண்டவன்."

"என்னைப் பற்றி ஒண்டும் கதைக்கேல்லையோ?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "எங்கட வீட்டுக் கூரை தெரியுது, சுகிர்தா இப்ப சமைச்சுக்கொண்டு நிப்பா எண்டு சொன்னவன்" என்றேன். அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே எனக்கு நன்றியும் சொன்னாள்.

பிறகுதான் கேட்டாள். "மாசக் கடைசியில அந்தப் புத்தகத்தைக் கீழ கொண்டுவந்திடுவினமாம். அதுக்கு முன்னம் நான் ஒருக்கா மேல போகவேணும் அண்ணை. அவர் நிண்ட இடத்திலை நிக்கவேணும். அவர் கடைசியா எழுதினதைப் பாக்கவேணும். கூட்டிக்கொண்டு போங்கோ."

நளாயினி எனக்கு முந்தி, "கட்டாயம் கூட்டிக்கொண்டு போவார்" என்றாள்.

செப்டெம்பர் 22, ஞாயிறு

சுகிர்தாவுக்குத் தொலைபேசி எடுத்து, இந்தக் கிழமை காலநிலை சரியில்லை, சனிக்கிழமை பார்ப்போம் என்று சொன்னேன். வெளியில் நல்ல வெயில்.

செப்டெம்பர் 24, செவ்வாய்

காருக்குக் குளிர்கால ரயர் மாற்றினேன். தொண்டர் படைத் தலைவர் ஆரில்டும் அங்கே ரயர் மாற்ற வந்திருந்தார். அறுபது வயது, பெரிய கை, பொய் பேசத் தெரியாத முகம். என் தோளில் கை வைத்து, நண்பனை இழப்பது கொடுமை என்றார். அடுத்த கிழமை மலையில் பனி விழும், விழுந்தால் ஜூன் வரைக்கும் ஒன்றும் செய்ய முடியாது, நரியும் காகமும் மிச்சம் வைத்தால்தான் என்று சொல்லிவிட்டு, அப்படிச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டார். "வடக்குப் பக்கத்தில் நாங்கள் பார்க்காத கல் இல்லை" என்றார். "எங்கே பிழை விட்டோம் என்று எனக்கு விளங்கவில்லை."

வீட்டுக்கு வந்து சத்தி எடுத்தேன். நேற்றைய றால் கறி கூடாது என்று நளாயினியிடம் சொன்னேன்.

செப்டெம்பர் 26, வியாழன்

இன்றைக்கு எழுதிவிடுகிறேன். பேனை எடுத்த நாளிலிருந்து சுற்றிச் சுற்றி வருகிறேன்.

பரா உச்சிக்கு வரவில்லை. பாதி வழியில் ஒரு மலைக்குளம் இருக்கிறது. அங்கே போய்ச் சேரும்போது பதினொன்றரை. அவன் முழங்கால் வீங்கிப்போயிருந்தது. தட்டைக் கல் ஒன்றில் இருந்துகொண்டு, "மச்சான், இனி எனக்கு ஏலாது. நீ போட்டு வா, நான் இதிலை இருக்கிறன். என்ரை பேரையும் எழுதிப்போட்டு வா, இந்த வரியக் கோப்பை தப்பக்கூடாது" என்றான். நான் போனேன். எழுதினேன். முதலில் அவன் பெயர், கீழே என் பெயர்.

எழுதும்போது பிழை செய்கிறேன் என்ற எண்ணமே வரவில்லை. தொழிற்சாலையில் வேலைக்கு வந்த நேரத்தைப் பதிய அட்டையை இயந்திரத்தில் அடிக்கவேண்டும். யார் முதலில் வருகிறானோ அவன் மற்றவனுக்கும் சேர்த்து அடிப்பான். எட்டு வருடம் அப்படி அடித்தோம். இங்குள்ள தமிழ் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். அவனுக்குப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடவேண்டும், எனக்கு பஸ் பிந்தும். இதில் யாருக்கு என்ன நட்டம்? பிறகு பிடிபட்டோம். 'பொய்ப் பதிவு' என்று தலைப்புப் போட்டு ஆளுக்கொரு கடிதம் வந்தது. இன்னொரு தடவை என்றால் வேலை இல்லை.

பொலிஸ்காரப் பொடியன் புத்தகத்தின் படத்தை நீட்டியபோது அந்தத் தலைப்புத்தான் முதலில் கண்ணில் வந்தது. பரா எப்படியும் வந்துவிடுவான், அவன் வந்து சிரித்துச் சிரித்துச் சொல்லட்டும் என்று நினைத்தேன். முதல் நாள் சொல்லாததை இரண்டாம் நாள் சொல்ல முடியவில்லை. இரண்டாம் நாள் ஹெலிகொப்டர் வந்துவிட்டது. மூன்றாம் நாள் எழுபது பேர் வடக்குச் சரிவில் நின்றார்கள். நளாயினி அவர்களுக்கு வடை சுட்டுக்கொண்டு போனாள். வடை தின்றுகொண்டு நிற்கிறவர்களிடம் போய், நீங்கள் பிழையான பக்கத்தில் தேடுகிறீர்கள் என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்றும் இருக்கிறது. திரும்பி வரும்போது குளத்தடியில் மூட்டம். கல்லில் அவன் இல்லை. இரண்டு தரம் கூப்பிட்டேன். இரண்டே இரண்டு தரம். குளிர் தாங்காமல் முன்னால் காருக்குப் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் குளிர்ந்தது.

சனிக்கிழமை மலை ஏற முன்னம், கார் நிறுத்தும் இடத்திலேயே சுகிர்தாவுக்குச் சொல்லிவிடுவேன்.

செப்டெம்பர் 28, சனி

காலை ஒன்பதுக்கு வெளிக்கிட்டோம். சுகிர்தா மகளின் சப்பாத்தைப் போட்டிருந்தாள். பையில் சம்பல் பூசிய பாண், தேத்தண்ணிப் போத்தல், ஒரு கட்டி கற்பூரம். கார் நிறுத்தும் இடத்தில் நான் வாயைத் திறந்தேன். அவள் அதற்குள் நடக்கத் தொடங்கிவிட்டாள். அப்படித்தான் எழுத ஆசை. உண்மையில் அவள் என்னைப் பார்த்து, "என்ன அண்ணை?" என்று கேட்டாள். "சப்பாத்து நூலை இறுக்கிக் கட்டுங்கோ" என்றேன்.

பேர்ச் மரங்கள் மஞ்சளாகக் கொட்டிக்கொண்டிருந்தன. ஒரு மணித்தியாலத்தில் மரங்கள் முடிந்தன. கீழே கடல் அசையாமல் கிடந்தது, தொழிற்சாலைப் படகு ஒன்று மட்டும் போனது. அவள் எனக்குப் பின்னால் நடந்தாள். இடையில் காலில் கொப்புளம் வந்து நொண்டத் தொடங்கினாள். ஒரு அடி அழுத்தி, அடுத்த அடி இழுத்து. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் யார் நிற்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. "நீங்கள் முன்னுக்கு வாங்கோ, தங்கச்சி" என்று சொல்லி அவளை முன்னால் விட்டேன். அதன் பிறகும் பின்னால் சத்தம் நிற்கவில்லை.

குளத்துக்கு வரும்போது பதினொன்றே கால். எத்தனையோ கல் அங்கே கிடக்க, அவள் நேரே போய் அந்தத் தட்டைக் கல்லில் இருந்தாள். பாணை எடுத்தாள்.

"இருங்கோவன் அண்ணை."

"இல்லை, நான் நிக்கிறன்."

"இவர் இந்த முழங்காலோட இதுக்கு மேல எப்பிடி ஏறினவர்? நோகுது எண்டு சொல்லேல்லையோ?"

இப்போது சொல்லு, இப்போது சொல்லு என்று எனக்குள் ஒருவன் கத்தினான். நான் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தேன். "அவன்ரை பிடிவாதம் உங்களுக்குத் தெரியும்தானே" என்றேன். அவள் பெருமையோடு தலையாட்டினாள்.

அங்கிருந்து உச்சிக்கு ஒன்றரை மணித்தியாலம். நல்ல வெளிச்சம். மேலே போனதும் அவள் முதலில் பெட்டியைத் தேடவில்லை. விளிம்புக்குப் போய் ஊரைப் பார்த்தாள். அந்த மலைக்கு ஊர்ப்பக்கமாக ஒரு புடைப்பு இருக்கிறது. தொழிற்சாலை தெரியும், தேவாலயம் தெரியும், பராவின் தெரு தெரியாது. எந்த நாளும் தெரியாது. எனக்கு அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"எந்தப் பக்கம் அண்ணை எங்கட கூரை?"

நான் ஒரு பக்கத்தைக் கையால் காட்டினேன். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "எனக்குத் தெரியேல்லை. என்ரை கண் பழுது" என்றாள்.

பிறகு பெட்டியைத் திறந்து புத்தகத்தை எடுத்தாள். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். கண்டுபிடித்ததும் நிலத்தில் இருந்துவிட்டாள். பரராசசிங்கம் என்று ஆங்கில எழுத்திலும், பக்கத்தில் தமிழில் நீளமாகவும் எழுதியிருந்தது. அதில் விரலை வைத்து எழுத்து எழுத்தாக இழுத்தாள்.

"எங்கட கல்யாணம் பேசேக்கை இவர் இஞ்சை, நான் அங்கை. எல்லாம் ரெலிபோன்தான். ஒரு கடிதம் எழுதினதில்லை. இஞ்சை வந்தாப்பிறகு எல்லாப் பத்திரமும் நான்தான் நிரப்புறது. இவற்றை எழுத்தை நான் வடிவாப் பாத்ததே இல்லை, அண்ணை. எவ்வளவு வடிவா எழுதியிருக்கிறார், பாருங்கோ."

புத்தகத்தைத் தூக்கி, அந்த வரியை ஒரு கண்ணில் ஒற்றினாள். மற்றக் கண்ணில் ஒற்றினாள்.

"அது நான் எழுதினது" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். விளங்கவில்லை.

"அது என்ரை எழுத்து, தங்கச்சி. அவன் இஞ்சை வரேல்லை. அவன்தான் எழுதச் சொன்னவன்."

"அப்ப அவர் எங்கை?"

"குளத்தடியிலை. நீங்கள் இருந்த கல்லிலை. கால் ஏலாமல் இருந்தவன். நான் திரும்பி வரேக்கை ஆள் இல்லை."

திட்டுவாள் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கியிருப்பேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அப்ப குளத்தடியில ஒருத்தரும் தேடேல்லையோ?"

"இல்லை."

புத்தகத்தைப் பெட்டிக்குள் வைத்தாள், மூடியைச் சரியாகப் பூட்டினாள். பிறகு ஓடத் தொடங்கினாள். கொப்புளத்தோடு, அந்தக் கல்லுக்குள்ளால், ஐம்பது வயதுப் பெண் ஓடினாள். விழுந்து எழும்பினாள். கையைப் பிடிக்கப் போனேன், தட்டிவிட்டாள்.

குளத்துக்கு வந்து கூப்பிட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் சுகிர்தா தன் புருசனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "இஞ்சருங்கோ" என்பாள், "இவர்" என்பாள். இன்றைக்கு முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டாள். பரராசசிங்கம், பரராசசிங்கம் என்று தொண்டை கிழிய, குளத்தைச் சுற்றிச் சுற்றி. எத்தனை தரம் என்று எண்ண முடியவில்லை. நான் இரண்டு தரம் கூப்பிட்ட இடம் அது.

கீழே மரங்கள் தொடங்குகிற இடத்தில்தான் தொலைபேசி வேலை செய்யும். அவளே பொலிசுக்கு அடித்து, தனக்குத் தெரிந்த நோர்வேமொழியில் சொன்னாள். என் பெயரையும் சொன்னாள். வரும்போது காரில் பின் ஆசனத்தில் இருந்தாள்.

செப்டெம்பர் 29, ஞாயிறு

பொலிசில் நாலு மணித்தியாலம். எல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்து வைத்தேன். வெளியே வர ஆரில்ட் ஆட்களோடு வாகனத்தில் ஏறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். கதவைச் சாத்தினார். அவர் ஏதாவது சொல்லியிருக்கலாம். நளாயினியிடமும் சொன்னேன். அவள் எழும்பிப்போய் அடுப்பை நிறுத்திவிட்டு மகளின் அறைக்குள் போனாள்.

செப்டெம்பர் 30, திங்கள்

பன்னிரண்டு மணிக்குக் கண்டெடுத்துவிட்டார்கள். குளத்திலிருந்து முந்நூறு மீற்றர். தண்ணீர் ஓடுகிற ஒரு ஆழமான வெட்டுக்குள். பக்கத்தில் ஒரு பை நிறையச் சிவப்புப் பழம். நான் வரும்வரைக்கும் சும்மா இருக்காமல் சுகிர்தாவுக்குப் பழம் பிடுங்கப் போயிருக்கிறான். சறுக்கி விழுந்து கால் முறிந்திருக்கிறது. விழுந்த உடனே சாகவில்லை என்று டொக்டர் சொன்னாராம். தன் செம்மஞ்சள் மழைச்சட்டையைக் கழற்றி, எட்டக்கூடிய புதர்க்கிளை ஒன்றில் கட்டிவிட்டிருக்கிறான். ஹெலிகொப்டருக்குத் தெரியட்டும் என்றுதான் கட்டியிருப்பான்.

ஒக்டோபர் 1, செவ்வாய்

மலையில் பனி. கால்வாசிக்கு வெள்ளை. வேலைக்குப் போகவில்லை, வரவேண்டாம் என்றும் ஒருவரும் சொல்லவில்லை. செத்தவீட்டுக்கு நான் போகக்கூடாது என்று நளாயினி சொன்னாள். சரி என்றேன். பராவின் நடையை இன்றைக்கு ஒரு இடத்திலும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இருக்கிறது.

ஒக்டோபர் 3, வியாழன்

பகல் பத்து மணிக்கு வாசல் மணி அடித்தது. சுகிர்தா. உள்ளே வரவில்லை. கையில் பராவின் தொலைபேசி. பொலிஸ் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"நான் சண்டைக்கு வரேல்லை" என்றாள். "இதை நீங்கள் பாக்கவேணும். அந்த வெட்டுக்குள்ளை சிக்னல் இல்லையாம். ஒண்டும் போகேல்லை. ஆனால் அவர் அடிச்சதெல்லாம் இதுக்குள்ளை கிடக்கு."

வாங்கிப் பார்த்தேன். என் பெயர். கீழே தள்ளினேன், என் பெயர். இன்னும் கீழே, என் பெயர். ஒன்றுக்குக் கீழே ஒன்றாக நாற்பத்தொரு தடவை.

"பொலிசுக்கு ரண்டு தரம் அடிச்சிருக்கிறார். எனக்கு ஒண்டும் இல்லை. மிச்சம் முழுக்க உங்களுக்கு. நீங்கள் கிட்டத்தான் நிக்கிறியள், தேடிக்கொண்டு நிப்பியள் எண்டு நினைச்சிருக்கிறார்."

தொலைபேசியை வாங்கித் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். பஸ்ஸில்தான் வந்திருக்கிறாள், தரிப்பிடம் வரைக்கும் நடந்து போவதை யன்னலால் பார்த்தேன்.

முதல் அழைப்பு ஏழாம் திகதி, சனிக்கிழமை, பன்னிரண்டு இருபது. நான் அப்போது உச்சிக்குப் போய்ச் சேரவே இல்லை. பற்றரி முடியாமல் இருக்க அணைத்து அணைத்துப் போட்டிருக்கிறான். ஞாயிறு பதினெட்டு, திங்கள் ஒன்பது. கடைசி அழைப்பு பத்தாம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு இருபது. அந்த நேரம் நான் எங்கே இருந்தேன் என்று சுகிர்தாவுக்கும் தெரியும். அவர்கள் வீட்டுக் குசினியில், பராவின் கதிரையில். அவள் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். நான் அவளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு, இரண்டு கரண்டி சீனி போட்டுக் குடித்தேன்.